ரோமின் தோட்டங்களும் ஒரு வழிநடைப் பாத்தியமும்



எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்கள் அதற்குள் மடித்த மடிப்பிலேயே பழுத்துக் கிடந்தன. சின்ன வயதில் அவற்றை எழுத்துக் கூட்டி வாசிப்பது எனக்கு ஒரு விளையாட்டு. நான்கெல்லையைச் சொல்லி, மரம், கிணறு, வாய்க்கால் எல்லாம் சொல்லி முடிக்கிற இடத்தில், 'மாமூல் வழிநடைப் பாத்தியமும் உட்பட' என்று வரும். அது என்ன என்று தாத்தாவிடம் கேட்டேன். "நம்ம வயலுக்குப் போற வழி அடுத்தவன் வரப்பு மேல இருக்கு. வரப்பு அவனுது, நடக்கிறது நம்மது. காலங்காலமா நடந்த வழியை அவனால மறிக்க முடியாது" என்றார்.

இன்று நான் ரோம் நகரத்துப் பிரபுக்களின் தோட்ட மாளிகைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாத்தாவின் பத்திரம் எதற்கு இங்கே என்று கேட்பீர்கள். காலங்காலமாக நடந்த கால்களுக்கு ஒரு பாத்தியம் உண்டு என்ற அதே எண்ணம்தான் ரோமில் ஒரு பெருந்தோட்டத்தைக் காப்பாற்றியது. அதற்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு தோட்டத்துக்கு அந்தக் கால்கள் இல்லை. அது சில ஆண்டுகளிலேயே இருந்த சுவடு தெரியாமல் போனது.

எதிர்ப்புறம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ரோமின் வடக்கே போர்த்தா பிஞ்சானா என்று ஒரு கோட்டை வாசல் இருக்கிறது. அவ்ரேலியன் என்ற பேரரசன் கி.பி. 271-இல் கட்டத் தொடங்கிய செங்கல் மதிலில் அமைந்த வாசல் அது. சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி எழுந்த மதில். அந்த வாசலில் நின்று வடக்கே பார்த்தால் குடை விரித்த பைன் மரங்கள், புல்வெளி, நிழல். அது வில்லா போர்கேசே. தெற்கே திரும்பினால் ஹோட்டல்களும் காபிக் கடைகளும் வரிசை கட்டி நிற்கும் வியா வெனெத்தோ என்ற தெரு, மேட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிறது. 1886 வரை அந்தத் தெற்குப் பக்கமும் தோட்டம்தான். வில்லா லுதோவிசி என்று பெயர். மதில்தான் இரண்டுக்கும் நடுச்சுவர்.

வில்லா என்றவுடன் நமக்கு மனை விளம்பரங்களில் வரும் தனி வீடு நினைவுக்கு வரும். ரோமில் அந்தச் சொல்லுக்குள் முழு நிலமும் அடக்கம். தோப்பு, பூம்பாத்தி, நீரூற்று, சிலை நிற்கும் நடைபாதை, காய்கறிக் கொல்லை எல்லாம் சேர்ந்ததே வில்லா. அதற்குள் இருக்கும் கட்டடத்தைக் கசீனோ என்பார்கள். சூதாட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சிறு வீடு என்றுதான் பொருள். தோட்டம் பெரியது, வீடு சிறியது என்ற அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தலைகீழாகப் போகிறது.

ஒரு பெரிய நகரத்தின் மதிலுக்குள்ளே இவ்வளவு தோட்டம் எப்படி வந்தது? இதற்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது. பழைய ரோமின் குன்றுகளுக்கெல்லாம் மலைக்கால்வாய்கள் தண்ணீர் கொண்டுவந்தன. கி.பி. 537-இல் கோத்தர்கள் நகரை முற்றுகையிட்டபோது அந்தக் கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். மேட்டில் குடியிருந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊர் முழுக்கத் தைபர் ஆற்றின் வளைவுக்கு, பள்ளத்துக்கு, இறங்கிவிட்டது. குன்றுகளில் இடிபாடும் திராட்சைக் கொடியும் ஆடு மேய்ச்சலும் மிஞ்சின. கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் அப்படியே கிடந்தன. மதில் மட்டும் பழைய அளவில் நின்றது, உள்ளே ஊர் சுருங்கிப்போயிற்று.

அந்த மேட்டுக்கு மறுபடியும் தண்ணீர் ஏற்றியவர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற போப்பாண்டவர். 1585-இல் பதவிக்கு வந்தவர், 1587-க்குள் ஒரு கால்வாயை முடித்துவிட்டார். தம் இயற்பெயர் ஃபெலிச்சே என்பதால் அதற்கு ஆக்வா ஃபெலிச்சே என்று பெயர். அந்த நீர் அவருடைய சொந்தத் தோட்டமான வில்லா மோந்தால்தோவுக்கும் பாய்ந்தது. ஊருக்கு நன்மை, வீட்டுக்கும் நன்மை. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் வெட்டிய சில வாய்க்கால்களும் இப்படித்தான் வளைந்து போயிருக்கின்றன. ஆனால் அந்த நீர் வந்த பிறகுதான் குன்றுகள் பச்சை பிடித்தன. தண்ணீர் கிடைத்தால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? கொடிக்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கித் தோட்டமாக்கினார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் லுதோவிக்கோ லுதோவிசி. இங்கே நம் உறவுச் சொற்களின் அருமை தெரியும். போப்பாண்டவர்களுக்கு மனைவி மக்கள் இல்லாததால் உடன்பிறந்தார் பிள்ளைகளே வலக்கை. அவர்களை இத்தாலிய மொழியில் நிப்போத்தே என்பார்கள். அண்ணன் மகனும் நிப்போத்தே, அக்காள் மகனும் நிப்போத்தே, பேரனும்கூட நிப்போத்தேதான். நமக்கு அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. வில்லா போர்கேசேயை உண்டாக்கிய கர்தினால் சிப்பியோனே, ஐந்தாம் பவுல் என்ற போப்பாண்டவரின் சகோதரி பிள்ளை, அதாவது மருமகன். லுதோவிக்கோவோ பதினைந்தாம் கிரகோரியின் தம்பி மகன். 1621 பிப்ரவரியில் கிரகோரி முடிசூடிய மறுநாள், 25 வயதான இந்தத் தம்பி மகன் கர்தினால் ஆனார். பெரியப்பா வயதானவர், நோயாளி. காலம் குறைவு என்று லுதோவிக்கோவுக்குத் தெரியும். ஓரிரு ஆண்டுகளில் அடுத்தடுத்த கொடிக்கால்களை வாங்கி, சுமார் 30 எக்டேர், நம் கணக்கில் 75 ஏக்கர் வரை, ஒரே வேலிக்குள் சேர்த்துவிட்டார். 1623-இல் பெரியப்பா இறந்தார். தோட்டம் நின்றது.

அந்த நிலம் வெறும் நிலமல்ல. சீசர் காலத்து வரலாற்றாசிரியர் சலுஸ்துவின் பேர்பெற்ற தோட்டம் அதே மண்ணில்தான் இருந்தது. மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பளிங்கு. தன் மனைவியைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்ளும் காலியா நாட்டு வீரனின் சிலை அங்கேயே தோண்டி எடுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜூனோ தேவியின் பெரிய தலை ஒன்று அங்கிருந்தது. ஜெர்மன் கவி கேத்தே அதில் மயங்கி அதன் சுதை வார்ப்பை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சைப்ரஸ் மரங்களும் என்றும் பசுமையான ஓக் மரங்களும் சுவர்போல் அடர்ந்து நிற்க, நடைபாதை ஓரங்களில் சிலைகள். சிலைகளுக்கென்றே ஒரு மரக்கூட்டம் தனியாக வளர்த்திருந்தார்கள்.

கசீனோவின் கூடத்து விதானத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1621-இல் குவெர்ச்சினோ என்ற ஓவியர் வரைந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரை திறந்து வானம் தெரிவதுபோல் இருக்கும். அவ்ரோரா, அதாவது விடியல் தேவதை, தேரில் போகிறாள். தேரை இழுப்பவை வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான இரண்டு குதிரைகள். நாம் அடியில் நின்று பார்ப்பதால் குதிரைகளின் வயிறும் குளம்பின் அடிப்புறமும் தெரிகின்றன. பின்னால் அவளுடைய கிழக் கணவன் படுக்கையில் விடப்பட்டிருக்கிறான். அவனுக்காகச் சாவில்லாத வரம் கேட்டவள், இளமையைக் கேட்க மறந்துவிட்டாள். அவள் திரும்பிப் பார்க்காமல் பூவைத் தூவிக்கொண்டு போகிறாள். மேலே ஒரு சிறிய அறையின் கூரையில் கரவாஜ்ஜோ சுமார் 1597-இல் தீட்டிய ஓவியமும் இருக்கிறது. லுதோவிசி வாங்குவதற்கு முன் அந்த வீட்டை வைத்திருந்த கர்தினால் தெல் மோந்தே வரையச் சொன்னது. கரவாஜ்ஜோ கூரையில் வரைந்ததாக நாம் அறிவது அது ஒன்றுதான்.

இப்போது வாசலுக்கு வருகிறேன். இந்த உரைக்கு நடுத்தூண் அதுதான்.

ரோமின் பிரபுக்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. தோட்ட வாசலில் கல்வெட்டு வைப்பார்கள். வருகிறவர் யாரானாலும் வரலாம், உலாவலாம், பார்க்கலாம் என்று இலத்தீனில் பொறித்திருக்கும். தோட்டத்துச் சட்டம் என்றே அதற்குப் பெயர். வில்லா போர்கேசேயின் கல்வெட்டு அதில் பேர்போனது. தோட்டத்தின் காவலன் பேசுவதுபோல் எழுதியிருந்தார்கள். யாராக இருந்தாலும் அஞ்ச வேண்டாம், விருப்பமான இடத்துக்குப் போகலாம், விரும்பியதைக் கேட்கலாம், நினைத்தபோது புறப்படலாம், இது உடையவனைவிட வருகிறவர்களுக்காக உண்டானது என்ற கருத்து. இதைப் படித்துவிட்டுப் பிரபுக்களெல்லாம் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் பார்த்து மெச்சவேண்டும் என்ற ஆசை அதில் பாதி. ஆனால் ஆசை எதுவானால் என்ன, வாசல் திறந்திருந்தது. தாதிகள் குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள், விடுமுறை நாளில் தச்சனும் தையற்காரனும் வந்தார்கள், காதலர்கள் வந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக வந்துகொண்டே இருந்தார்கள்.

வில்லா லுதோவிசியில் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதற்குத் தெரிந்தவர் சிபாரிசு வேண்டும். பெரிய எழுத்தாளர்களும் அயல்நாட்டுப் பயணிகளும் சீட்டு வாங்கிப் போனார்கள். பார்த்தவர்கள் வியந்து எழுதினார்கள். ரோமின் சாதாரண ஆள் அந்தச் சைப்ரஸ் மரங்களின் நுனியை மதிலுக்கு மேலே பார்த்திருப்பான், அடியைப் பார்த்திருக்க மாட்டான்.

1870 செப்டம்பர் 20-ஆம் தேதி இத்தாலியப் படை போர்த்தா பியா என்ற வாசலருகே மதிலைப் பீரங்கியால் உடைத்து நகருக்குள் நுழைந்தது. போப்பாண்டவரின் ஆட்சி முடிந்தது. 1871-இல் ரோம் இத்தாலியின் தலைநகரம். அப்போது ஊரின் மக்கள்தொகை 2 லட்சத்துக்குச் சற்று மேல். அமைச்சகங்கள் வந்தன, குமாஸ்தாக்கள் வந்தார்கள், கட்டட வேலைக்குக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 30 ஆண்டுகளில் மக்கள்தொகை இரட்டிப்பானது. எல்லோருக்கும் வீடு வேண்டும். அது நியாயமான தேவை. மதிலுக்குள்ளே, மேட்டில், காற்றோட்டமாக, குடியிருப்பு இல்லாமல் கிடந்தவை தோட்டங்கள்தாம். வங்கிகள் கடனை அள்ளிக் கொடுத்தன. நிலத்தின் விலை நாளொரு மேனியாக ஏறியது. கட்டடக் காய்ச்சல் என்றே அந்தக் காலத்தை இத்தாலியர்கள் அழைக்கிறார்கள்.

வில்லா மோந்தால்தோவின் கதி அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1784-இல் அதை வாங்கிய ஒரு வியாபாரி மரங்களை வெட்டி விற்றார், சிலைகளை விற்றார். மீன் குளத்தின்மேல் நின்ற பெர்னினியின் நெப்டியூன் சிலை இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், குளம் இல்லாமல் நிற்கிறது. மிச்சமிருந்த நிலத்தின்மேல் தெர்மினி ரயில் நிலையம் வந்தது. அங்கே ரயிலைவிட்டு இறங்குகிற எவரும் அந்தத் தோட்டத்தில்தான் முதலில் கால்வைக்கிறார்கள்.

1886-இல் லுதோவிசி குடும்பத்தின் வாரிசான பியோம்பினோ இளவரசர், ஒரு மனைக் கம்பெனியோடும் நகராட்சியோடும் ஒப்பந்தம் செய்தார். தோட்டம் மனைகளாகப் பிரிக்கப்படும், தெருக்கள் போடப்படும். கோடரி அந்த ஆண்டே விழுந்தது. நூற்றாண்டு கண்ட சைப்ரஸ் மரங்களை வேரோடு சாய்த்து வரிசையாகக் கிடத்தினார்கள். கவிஞர் தனுன்ட்சியோ அந்தக் காட்சியைத் தம் 1895 நாவலில் எழுதினார். ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் கிரிம் அதே 1886-இல், ரோமின் அழிவு என்றே தலைப்பிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். அயல்நாட்டார் பதறினார்கள். உள்ளூர் மக்களோ வீதியில் திரண்டு நிற்கவில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தான் ஒருநாளும் காலாற நடக்காத தோட்டத்துக்காக ஒருவன் எப்படிக் கண்ணீர் விடுவான்?

தெருவுக்காக மண் வெட்டிய இடத்தில் 1887-இல் ஒரு பளிங்குக் கல் வெளிப்பட்டது. மூன்று பக்கம் புடைப்புச் சிற்பம். நடுவில், கடலிலிருந்து எழும் ஒரு பெண்ணை இரு பக்கமும் இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். ஈர ஆடை மார்போடு ஒட்டி, நூல் நூலாக மடிப்புத் தெரிகிறது. அவள் முகத்தை அண்ணாந்து தூக்கியிருக்கிறாள், மூச்சு வாங்குவதுபோல். ஒரு பக்கப் பலகையில் குழலூதும் பெண், மறு பக்கத்தில் முக்காடிட்டுத் தூபமிடும் பெண். அவள் அப்ரொதிதே, கல் கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 460 ஆண்டு முந்தைய கிரேக்க வேலை என்பது பெரும்பாலோர் கருத்து. லுதோவிசிச் சிம்மாசனம் என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் அதை 1894-இலும், மற்றச் சிலைகளில் நூற்றுச் சொச்சத்தை 1901-இலும் வாங்கியது. இன்று எல்லாம் ஆல்தெம்ப்ஸ் மாளிகை என்ற அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோட்டம் சாகும்போது பெற்ற பிள்ளை என்று அந்தக் கல்லை எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இளவரசரின் கதை என்ன? தோட்டம் விற்ற பணத்தில் அதே நிலத்தின் ஒரு பகுதியில் பெரிய அரண்மனை கட்டினார். சிறு வீடும் பெருந்தோட்டமுமாக இருந்த இடத்தில் இப்போது பெருவீடும் கையகலத் தோட்டமும். 1887 முடிவதற்குள் நில வியாபாரம் சரிந்தது. கட்டின பாதியில் கட்டடங்கள் நின்றன, கொத்தனார்கள் வேலையில்லாமல் தெருவில் நின்றார்கள், 1893-இல் பெரிய வங்கி ஒன்று ஊழலில் மூழ்கி நாடே ஆட்டம் கண்டது. கடன் சூழ்ந்து அரண்மனை இளவரசர் கையைவிட்டுப் போனது. 1900-இல் கைம்பெண்ணான ராணி மார்கரீத்தா அங்கே குடிவந்து, 1926-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். 1946 முதல் அது அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து, அவர்களுடைய தூதரகம்.

இனி மதிலுக்கு வடக்கே. அதே 1880களின் நடுவில் போர்கேசே இளவரசரும் தம் வாசலைச் சாத்தினார். நகராட்சி வழக்குத் தொடுத்தது. இளவரசரின் வாதம் எளிது, வலுவானதும்கூட. நிலம் எங்களது. எங்கள் முன்னோர் பெருந்தன்மையால் மக்களை விட்டார்கள். அது சலுகை, சலுகை எத்தனை ஆண்டானாலும் உரிமை ஆகாது.

நம் நாட்டு வக்கீல்களுக்கு இது பழகிய வாதம். 1882-இல் இங்கே வந்த பாத்தியதைச் சட்டத்திலும், 20 ஆண்டு தடையில்லாமல் உரிமையாக அனுபவித்தால் வழிநடைப் பாத்தியம் உண்டு, அனுமதி வாங்கி அனுபவித்தால் கிடையாது. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. பாத்தியம் ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் ஏற்படுவது. தாத்தாவின் வயலுக்காக அடுத்தவர் வரப்பு. நம் சட்டத்துக்கும் மூத்த ரோமானியச் சட்டத்தில் பிறந்த எண்ணம் அது. ரோம் நகரத்துத் தையற்காரனுக்கு எந்த நிலம் இருக்கிறது, அதற்காகப் போர்கேசே தோட்டத்தின் மேல் பாத்தியம் கேட்க?

1887 மார்ச்சில் ரோமின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக ஊரார் அங்கே உலாவி வந்திருக்கிறார்கள். அந்த அனுபவம் எந்த ஒரு தனி மனிதருடையதும் அல்ல, ரோம் மக்கள் என்ற சமூகத்துடையது. அந்தச் சமூகத்துக்கு இந்தத் தோட்டத்தின்மேல் பொது அனுபவ உரிமை உண்டு. நிலம் இளவரசருடையதாகவே இருக்கும், நடப்பது மக்களுடையது. தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த வரி கிட்டத்தட்ட அதே பொருளில் அங்கே எழுதப்பட்டது. இன்றும் இத்தாலியச் சட்ட மாணவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

தீர்ப்பு ஒன்றே காப்பாற்றியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வில்லா போர்கேசே மதிலுக்கு வெளியே இருந்தது. அந்தக் குடும்பமும் நில வியாபாரத்தில் நொடித்து, 1892-இல் அரண்மனைத் தட்டுமுட்டுப் பொருள்களை ஏலம் விட்டது. வாங்க ஆள் தேடும் நிலைமை வந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஊரே நடக்க உரிமை பெற்ற நிலத்தை எந்த மனைக் கம்பெனி வாங்கும்? அந்த உரிமை நிலத்தின் மேல் இருந்ததால் வியாபாரி விலகினான், அரசாங்கம் முன்வந்தது. 1901-இல் அரசு வாங்கி, 1903-இல் ரோம் நகரத்திடம் ஒப்படைத்தது. சுமார் 80 எக்டேர், 200 ஏக்கர்.

மற்றத் தோட்டங்களைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ரோமிலேயே பெரிதான வில்லா தோரியா பம்ஃபீலி, 184 எக்டேர், 1960 ஒலிம்பிக்கை ஒட்டிப் போட்ட சாலையால் இரண்டாக வெட்டுப்பட்டது, 1970களின் தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்தது. முசோலினி குடியிருந்த வில்லா தோர்லோனியா 1978-இல் திறந்தது. லாத்தரன் பேராலயத்துக்கு அருகே ஜுஸ்தினியானி குடும்பத்துத் தோட்டம் முழுக்க அடுக்குமாடி ஆகி, நடுவே சிறு கசீனோ மட்டும் மூச்சுத் திணறி நிற்கிறது.

லுதோவிசியின் கசீனோவும் நிற்கிறது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள், ஒரு துண்டுத் தோட்டம், பூட்டிய வாசல். 2022 ஜனவரியில் குடும்பத் தகராறின் விளைவாக நீதிமன்ற உத்தரவால் அது ஏலத்துக்கு வந்தது. மதிப்பு 47 கோடியே 10 லட்சம் யூரோ. அதில் கரவாஜ்ஜோவின் கூரைக்கு மட்டும் 31 கோடி. கேட்க ஆளில்லை. விடியல் தேவதை இன்னும் அந்தக் கூடத்தில்தான் தேர் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே தெருக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: லுதோவிசி தெரு, அவ்ரோரா தெரு, சலுஸ்து தெரு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பெயர்ப் பலகைகளை வாசித்தபடி மேட்டில் ஏறினேன். முன்னால் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. பாட்டியம்மா கைத்தடியோடு, மருமகள் குழந்தை வண்டியோடு, ஒரு பையன் பந்தைக் காலால் தட்டிக்கொண்டே. வியா வெனெத்தோவின் கடைகள் எதையும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போர்த்தா பிஞ்சானாவின் வளைவைக் கடந்து, சாலையைத் தாண்டி, பைன் மர நிழலுக்குள் போனார்கள். பையன் பந்தை ஓங்கி உதைத்தான். வாசலில் சீட்டுக் கேட்க யாரும் இல்லை.